பாடசாலை வளவுப் பற்றைகளை வெட்டுமுன் ஒரு வேண்டுகோள்

கௌரவ ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மாரி விட்டு வெயில் எறிக்கத் தொடங்கியதும் வன்னிப் பாடசாலைகளில் துப்புரவு வேலைகள் ஆரம்பமாகும். பெற்றோர் கத்தி, கோடரி, மண்வெட்டியோடு சிரமதானத்துக்கு வருவார்கள். காசு கிடைத்த இடத்தில் மண் வழிக்கும் பெக்கோ இயந்திரம் வந்து நிற்கும். டெங்கு, பாம்பு, பிள்ளைகளின் பாதுகாப்பு என்று சொல்லப்படும் காரணங்களும் நியாயமானவையே. பின்னேரம் பார்த்தால் வேலிக்கரையில் நின்ற பற்றை முழுவதும் ஒரு மூலையில் குவிந்து கிடக்கும். அடுத்த நாளே நெருப்பும் வைத்துவிடுவார்கள். இந்த வருடம் அந்த வேலை தொடங்குமுன் அதிபர்கள், ஆசிரியர்கள், பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தார் ஆகியோரிடம் ஒன்று கேட்கவே இதை எழுதுகிறேன். வெட்டுங்கள். ஆனால் என்ன செடி என்று பார்த்து வெட்டுங்கள்.

நான் ஒட்டுசுட்டான் பக்கத்தைச் சேர்ந்தவள். முல்லைத்தீவு மாவட்டப் பாடசாலைகளில் விவசாயமும் விஞ்ஞானமும் படிப்பித்து ஓய்வு பெற்றேன். என் தகப்பனார் நெடுங்கேணிப் பக்கத்தில் பலருக்கும் தெரிந்த பரியாரியார். முறிவு, காய்ச்சல், விஷக்கடி என்று எந்த நேரமும் வீட்டில் ஆட்கள் நிற்பார்கள். அதனால் எங்கள் காட்டுச் செடி கொடிகளைப் பள்ளிக்கூடம் போகத் தொடங்கு முன்பே எனக்குப் பழக்கம். அவற்றின் குடும்பம், இனம் எல்லாம் பிறகு படித்தவை.

நான் சொல்ல வந்த கதை நடந்தது இங்கே அல்ல. இந்து சமுத்திரத்தில் மொரிஷியசுக்குக் கிழக்கே சுமார் 560 கிலோமீற்றர் தள்ளி ரொட்ரிகஸ் என்று ஒரு சிறு தீவு இருக்கிறது. பரப்பளவு 108 சதுர கிலோமீற்றர்தான். எங்கள் பிரதேச செயலகப் பிரிவுகளில் சில அதைவிடப் பெரியவை. அந்தத் தீவில் மட்டுமே வளரும் ஒரு பூஞ்செடிக்குக் கஃபே மரோன் என்று பெயர். கோப்பியின் குடும்பத்தைச் சேர்ந்தது. பூ வெள்ளை, நட்சத்திர வடிவம். உலகத்தில் வேறெங்கும் இயற்கையாக அது இல்லை.

ஒரு காலத்தில் அந்தத் தீவு முழுக்க ராட்சத ஆமைகள் இருந்தன. 1691இல் அங்கே போய்ச் சேர்ந்த பிரான்சுவா லெகுவா என்ற பிரெஞ்சுக்காரர், ஆமைகளின் முதுகில் கால் வைத்தே நூறு காலடிக்கு மேல் நடந்து போகலாம் என்று எழுதி வைத்திருக்கிறார். அந்த ஆமைகளோடு வாழப் பழகிய செடி இது. கன்றாக இருக்கும்போது இலை ஒடுங்கி, நீண்டு, கபில நிறமாகக் காய்ந்த இலை போலவே தோன்றும். உயர்ந்து வளர்ந்த பிறகுதான் இலை அகன்று பச்சையாக மினுங்கத் தொடங்கும். ஆமையின் வாய்க்கு எட்டும் உயரத்தில் இருக்கும்வரை அதன் கண்ணில் படாமல் தப்புவதற்கான வழி இது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கன்றையும் முதிர்ந்த செடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டும் ஒரே செடி என்று யாரும் நம்பமாட்டார்கள்.

பிறகு கப்பல்கள் வந்தன. ஆமைகளை இறைச்சிக்காக ஏற்றிக்கொண்டு போனார்கள். 1800ஆம் ஆண்டளவில் ஆமை முடிந்தது. காட்டை வெட்டினார்கள், ஆடு மாடுகளை விட்டார்கள். ஆமைக்குத் தப்பத் தெரிந்த செடிக்கு ஆட்டுக்குத் தப்பத் தெரியவில்லை. 20ஆம் நூற்றாண்டில் கஃபே மரோன் அற்றுப்போய்விட்டது என்றே எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள்.

1980ஆம் ஆண்டளவில் அந்தத் தீவின் பாடசாலை ஆசிரியர் ஒருவர், பழைய காலத்தில் வரையப்பட்ட அரிய தாவரங்களின் படங்களைத் தன் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காட்டி, உங்கள் ஊரில் தேடிப் பாருங்கள் என்று அனுப்பினார். ஒரு மாணவன், இது எங்கள் வீட்டுப் பக்கம் நிற்கிறது என்று ஒரு கிளையை முறித்துக்கொண்டு வந்தான். ஆசிரியர் அதை ஆய்வாளர்களுக்கு அனுப்பினார். கஃபே மரோன்தான். தெருவோரம் நின்ற ஒற்றைச் செடி. ஆடு கடித்து, ஆட்கள் முறித்து, அதுவும் சாகும் தறுவாயில் நின்றது.

நான் ஆசிரியையாக இருந்தவள் என்பதால்தான் இந்த இடம் என் மனதை விட்டுப் போகவில்லை. அந்த ஆசிரியரிடம் ஆய்வுகூடம் இருக்கவில்லை. பெரிய திட்ட நிதி இருக்கவில்லை. ஒரு படமும், பிள்ளைகள் நடமாடும் ஊர் மேல் ஒரு நம்பிக்கையும் இருந்தன. தாவரவியலாளர் ஒருவர் தீவுக்கு வந்து சில கிழமை தங்கிப் போனால் எத்தனை பற்றையைப் பார்த்திருப்பார்? அந்தப் பிள்ளை நாளாந்தம் பாடசாலைக்குப் போகும்போதும் வரும்போதும் பார்த்த செடி அது.

செடி கிடைத்ததும் அதைச் சுற்றி வேலி போட்டார்கள். வேலி போட்டதும் ஊர்ச்சனம், ஏதோ பெரிய மருந்தாகத்தான் இருக்கவேண்டும் என்று நினைத்துவிட்டது. குடிவெறியின் பின் வரும் தலையிடிக்கும் பாலியல் நோய்களுக்கும் நல்லதென்று ஏற்கனவே ஒரு நம்பிக்கை அங்கே இருந்தது. வேலி ஏறிக் கிளை முறித்தார்கள், பட்டை உரித்தார்கள். வேலிக்கு மேல் வேலி போட்டு, காவலுக்கும் ஆள் வைக்கவேண்டி வந்தது. சனத்தைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. உலகத்தில் மிஞ்சியிருப்பது இந்த ஒன்றுதான் என்று அவர்களுக்கு விளங்கும்படி யாராவது முதலில் சொல்லியிருக்கவேண்டும்.

என் தகப்பனார் வேர் எடுக்கப் போகும்போது நான் கூடப் போவேன். எடுப்பதற்கு முதல் நாள் அந்தச் செடிக்குக் காப்புக் கட்டுவார். மூலிகைச் சாபம் நீங்க மந்திரம் சொல்லுவார். பிறகு வடக்குப் பக்கம் ஓடும் வேரை மட்டும் கிளறி, வேண்டிய அளவு வெட்டிக்கொண்டு, மண்ணை இழுத்து மூடி, தண்ணீர் வார்த்துவிட்டுத்தான் எழும்புவார். தனித்து நிற்கும் செடியைத் தொடமாட்டார். சித்த வைத்தியம் படித்த எல்லோருக்கும் இந்த முறை தெரியும். மந்திரத்தை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஒரு பக்க வேர் போனாலும் மற்ற மூன்று பக்க வேரோடு செடி பிழைக்கும் என்பதை விவசாயம் படித்த பிறகு நானும் ஒத்துக்கொள்கிறேன். வைத்தியர் கையில் இருந்த அந்த ஒழுங்கு இப்போது இல்லை. இணையத்தில் ஒரு காணொளி வந்தால் போதும், அடுத்த நாள் அந்தச் செடியை வேரோடு பிடுங்கிச் சாக்கில் கட்டி விற்கிறார்கள். தகப்பனார் வைத்திருந்த ஏடுகளும் கொப்பிகளும் இடப்பெயர்வில் போய்விட்டன. எங்களைப் போல் எத்தனை பரியாரி வீடுகளில் அப்படிப் போயிருக்கும்!

ரொட்ரிகசுக்கு வருகிறேன். 1986இல் அந்த ஒற்றைச் செடியிலிருந்து தடிகளை வெட்டி லண்டனில் உள்ள கியூ தாவரவியல் பூங்காவுக்கு அனுப்பினார்கள். வேர் பிடித்தது. அதிலிருந்து மேலும் தடிகள் வெட்டிப் பல செடிகள் உண்டாக்கினார்கள். செடிகள் பூத்தன, நன்றாகவே பூத்தன. ஆனால் ஒரு காய் பிடிக்கவில்லை. தடி நட்டு உண்டாக்கிய செடி எத்தனை இருந்தாலும் அத்தனையும் ஒரே செடிதான். ஒரு முருங்கையின் தடிகளை ஊர் முழுக்க நட்டாலும் அது அந்த ஒரே முருங்கையாக இருப்பது போல. புது விதை இல்லையென்றால் புதுச் சந்ததி இல்லை. ஒரு நோய் வந்தால் எல்லாம் ஒன்றாகப் போகும்.

கார்லோஸ் மக்டலேனா என்பவர் கியூவில் வேலைக்குச் சேர்ந்து இந்தச் செடியின் பின்னால் நின்றார். பூவின் பெண்பாகத்து நுனியான குறியில் மகரந்தமணியை வைத்தால், மணி முளைத்து அதன் கீழுள்ள தண்டான தம்பத்தின் வழியே இறங்கிச் சூலகத்தை அடையவேண்டும். சாதாரண தரத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் இந்தப் படத்தைக் கீறிக் காட்டியிருக்கிறேன். கஃபே மரோனில் அந்த வழி எங்கோ அடைபட்டிருந்தது. அவர் குறியை வெட்டி நீக்கிவிட்டு, வெட்டிய தம்பத்தின் மேல் நேரடியாக மகரந்தத்தை வைத்துப் பார்த்தார். எத்தனையோ பூக்கள் கருகி விழுந்தன. 2003இல் ஒரு காய் பிடித்தது. அதற்குள் விதை இருந்தது. அந்த வழியில் கிடைத்த விதைகளிலிருந்து கன்றுகள் வந்தன. கியூவில் யாரும் அதுவரை கண்டிராத அந்த ஒடுங்கிய கபில இலையோடு வந்தன. பின்னர் ரொட்ரிகசுக்கே இந்தச் செடியைத் திருப்பிக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

1986 தொடக்கம் 2003 வரை பதினேழு வருடம். கண்ணாடி வீடு, வெப்பம், ஈரப்பதம், சம்பளம், ஆள் என்று எவ்வளவு செலவு! அந்தத் தீவில் ஒரு பத்துச் செடியாவது பற்றைக்குள் தப்பி நின்றிருந்தால் இவ்வளவு பாடு பட்டிருக்கத் தேவையில்லை. நாங்கள் இன்று கத்தி எடுக்குமுன் அரை மணித்தியாலம் செலவழித்தால் போதும் என்று நான் கேட்பது இதனால்தான்.

இலங்கையும் ஒரு தீவு. இங்கு மட்டும் வளரும் தாவரங்கள் எங்களிடமும் உண்டு. அழியும் ஆபத்தில் உள்ள இனங்களைக் காட்ட 2012இல் வெளிவந்த தேசிய சிவப்புப் பட்டியலின்படி இந்நாட்டின் பூக்கும் தாவர இனங்கள் 3154. அவற்றில் 894 இனங்கள் இந்தத் தீவைத் தவிர வேறெங்கும் இயற்கையில் இல்லாதவை. நான்கில் ஒன்றுக்கு மேல். ஈரல் நோய்க்குச் சிங்கள வைத்தியர்கள் கொடுக்கும் ஹீன் போவிட்டியா என்ற ஊதாப்பூச் செடி அப்படியானது. மழை கூடிய பகுதிகளில் தெருவோரத்திலேயே நிற்கும், அதன் பெறுமதி தெரியாமல் பலர் கடந்து போவார்கள். இத்தீவுக்கே உரித்தான தாவரங்களில் பெரும்பாலானவை ஈரவலயத்திலும் மலைநாட்டிலும் இருப்பவை என்பது உண்மைதான். வன்னி உலர்வலயம், எங்கள் செடிகளில் பல தென்னிந்தியாவிலும் உள்ளன. அதற்காக இங்கே பார்க்க ஒன்றுமில்லை என்று யாரும் முடிவு கட்டிவிடக்கூடாது. முப்பது வருடம் யுத்தம் நடந்த காட்டில் தாவரவியலாளர் எத்தனை பேர் நிம்மதியாக நடந்திருக்க முடியும்?

கம்பஹா மாவட்டத்தில் தரலுவ என்ற இடத்தில் நடந்ததையும் வாசகர்கள் நினைவில் வைத்திருக்கலாம். அது மரம், அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது, பெயர் குறூடியா சிலானிக்கா. 1911க்குப் பிறகு யாரும் காணவில்லை. 2012 பட்டியலில் அற்றுப்போனதாகவே எழுதிவிட்டார்கள். 2019இல் அதிவேகப் பாதைக்காக வெட்டப்பட இருந்த நிலத்தில் அது நிற்பதைக் கண்டுபிடித்தார்கள். 2021இல் அதை வெட்டப்போகிறார்கள் என்ற செய்தி பரவியதும் ஊர்மக்களும் மதகுருமாரும் சூழல் ஆர்வலர்களும் குரல் கொடுத்துத் தடுத்தார்கள். கொழும்புக்கு அவ்வளவு கிட்ட, சனம் நெருக்கமாக வாழும் ஊரில், ஒரு பெரிய மரமே நூறு வருடத்துக்கு மேல் கண்ணில் படாமல் நிற்க முடிந்திருக்கிறது. முத்தையன்கட்டுக்கும் நெடுங்கேணிக்கும் இடையில் இடுப்பளவு உயரத்தில் நிற்கும் ஒரு செடி யாருடைய கண்ணில் பட்டிருக்கும்?

இப்போது எங்கள் பற்றைக்குள் என்ன நிற்கிறது என்று கொஞ்சம் சொல்லவேண்டும். காரை நிற்கும். முள்ளுக்குப் பயந்து யாரும் கிட்டப் போகமாட்டார்கள், பழத்துக்காகப் பிள்ளைகள் மட்டும் போவார்கள். வெட்சி நிற்கும். மஞ்சவண்ணா நிற்கும். இந்த மூன்றும் கஃபே மரோன் சேர்ந்த அதே கோப்பிக் குடும்பம் என்பது பலருக்குப் புதினமாக இருக்கும். சூரை, கிளா, குருந்து நிற்கும். ஓரமாக ஒரு பாலை அல்லது வீரை கன்றாக நிற்கும். பாலைக் கன்று ஆளுயரம் வர எத்தனை வருடம் பிடிக்கும் என்று தெரிந்தவர் அதில் கத்தி வைக்கமாட்டார். பாலைப்பழக் காலத்தில் தெருவோரம் போத்தலில் வாங்கிச் சாப்பிடும் நாங்களே அதன் கன்றைப் பற்றையோடு சேர்த்து வெட்டுகிறோம்.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது காயா. மற்ற நாளில் பார்த்தால் சாதாரண பற்றை. கரும்பச்சை, தடித்த, மினுங்கும் இலை. வெயில் ஏறி மற்றச் செடிகள் வாடி நிற்கும் நேரத்தில் திடீரென்று ஒரு நாள் அதன் மரத்தடிகள் நீலமாகிவிடும். இலை நுனியில் பூக்காது. இலை உதிர்ந்த பழைய தடிகளில், கணுவுக்குக் கணு, குஞ்சம் குஞ்சமாகப் பூக்கும். ஒரு பூவைக் கிள்ளி உள்ளங்கையில் வைத்தால் விரல் நகத்தின் பாதிகூட இராது. நாலு இதழ், எட்டு மகரந்தக் கேசரம். கேசரமும் நீலம். மழை மேகம் போன்ற ஒரு நீலம் அது. திருமாலைக் காயாம்பூ வண்ணன் என்று ஆழ்வார்கள் பாடினார்களே, அந்தப் பூ இதுதான். வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கலுக்குப் போகும் வழியில் நீங்கள் எல்லோரும் கண்டிருப்பீர்கள், நின்று பார்த்திருக்கமாட்டீர்கள். பூ கொட்டி முடிந்ததும் சிறு உருண்டைக் காய் வரும், பழுத்தால் கறுக்கும், பிள்ளைகளும் தின்பார்கள், புலுனியும் கொண்டைக்குருவியும் தின்னும்.

நான் கடைசிக் காலத்தில் படிப்பித்த பாடசாலைகளில் ஒன்றில் கிணற்றுக்குப் பின்னால் காயாப் பற்றை ஒன்று நின்றது. இரண்டு ஆள் கை கோத்தாலும் வளைக்க முடியாத அகலம். யுத்தத்துக்கு முந்தியது. ஷெல் விழுந்த பள்ளத்தின் விளிம்பிலும் அது தப்பி நின்றது. பூக்கும் காலத்தில் தரம் 6 பிள்ளைகளை அங்கே கொண்டுபோய்த்தான் பூவின் பாகங்களைச் சொல்லிக் கொடுப்பேன். ஒரு சனிக்கிழமை கரப்பந்தாட்டத் திடலைப் பெருப்பிக்க பெக்கோ கொண்டுவந்தார்கள். திங்கட்கிழமை நாங்கள் போனபோது அந்த இடம் மட்டமாக இருந்தது. திடலின் கோடு போட்ட பிறகு பார்த்தால், காயா நின்ற இடம் கோட்டுக்கு வெளியே பத்து அடிக்கு அப்பால். அதை எடுக்கவேண்டிய தேவையே இருக்கவில்லை. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. பெக்கோக்காரருக்கு மணித்தியாலக் கணக்கில் காசு, அவர் முழுவதையும் வழித்துக் கொடுத்துவிட்டுப் போனார். அந்த இடத்தில் இப்போது சிமெந்துச் சாடிகளில் குரோட்டன் நிற்கிறது. பிள்ளைகள் அதற்கு நாளாந்தம் தண்ணீர் வார்க்கிறார்கள். காயாவுக்கு யாரும் ஒரு நாளும் தண்ணீர் வார்த்ததில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

மறுபக்கத்தையும் எனக்குத் தெரியும். நாங்கள் முகாமிலிருந்து திரும்பி வந்த நேரம் வளவு எது, வீதி எது என்று தெரியாத அளவுக்குக் காடு பற்றியிருந்தது. சிவப்பு மண்டையோட்டுப் பலகைகள் போட்டிருந்தார்கள். மிதிவெடி எடுக்க வந்தவர்கள் முதலில் பற்றையை வெட்டித்தான் ஆகவேண்டும். அந்த வேலையில் ஒரு செடியைக் காப்பாற்றச் சொல்ல யாருக்கும் வாய் வராது, எனக்கும் வராது. யானை வரும் ஊரில், வீட்டுக்கும் வகுப்பறைக்கும் கிட்டப் பற்றை இருக்கக்கூடாது என்பதும் சரி. குளக்கட்டில் மரம் செடி வளர்ந்தால் வேர் கட்டைப் பிளக்கும், அதை நீர்ப்பாசனத்தார் வெட்டுவதும் சரி. ஆனால் கட்டில் வெட்டும் வேகத்தில் அலைகரைக் காட்டையும் சேர்த்து வழிப்பது சரியல்ல. டெங்குக்கும் ஒரு வார்த்தை. அந்த நுளம்பு முட்டையிடுவது சிரட்டை, ரயர், யோகட் கோப்பை, அடைபட்ட பீலி ஆகியவற்றில் தேங்கும் தெளிந்த நீரில். வேலிக்கரைக் காரையை வெட்டிவிட்டுப் பீலியைப் பார்க்காமல் போனால் டெங்கு குறையாது.

வெட்டியே ஆகவேண்டிய செடிகளும் இருக்கின்றன, அவைதான் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. பாதீனியம் 1980களின் இறுதியில் இந்தியப் படையோடு வந்தது என்று சொல்வார்கள். வவுனியாவிலிருந்து தொடங்கித் தோட்டம், வீதிக்கரை எங்கும் பரவிவிட்டது. தோலில் பட்டால் கடி, தும்மல், இளைப்பு. பூக்குமுன் கையுறை போட்டு வேரோடு பிடுங்கவேண்டும். நாயுண்ணி அமெரிக்கக் கண்டத்திலிருந்து பூங்காவுக்கு அழகுக்கென்று கொண்டுவந்த செடி, இன்று காட்டு ஓரத்தையெல்லாம் மூடிவிட்டது. பெக்கோ வழித்துவிட்டுப் போன வெறும் நிலத்தில் முதலில் முளைப்பதும் இவை இரண்டும்தான். எங்கள் காயாவையும் காரையையும் எடுத்து இவற்றுக்கு இடம் பண்ணிக் கொடுக்கிறோம். வருடா வருடம் அதே இடத்தைத் திரும்பத் துப்புரவு செய்யவேண்டி வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆகவே பாடசாலைகளிடம் நான் கேட்பது பெரிய விடயம் அல்ல. சிரமதானத்துக்கு நாள் குறித்தால், அதற்கு முந்திய கிழமை விஞ்ஞான அல்லது விவசாய ஆசிரியர் ஒருவர் பிள்ளைகளையும் ஊரில் செடி தெரிந்த ஒரு பெரியவரையும் கூட்டிக்கொண்டு வளவைச் சுற்றி வரட்டும். காடு தெரிந்த கிழவனாரோ, பரியாரி வீட்டு ஆச்சியோ, தேன் எடுக்கப் போகிறவரோ ஊருக்கு ஒருவராவது இன்னும் இருக்கிறார். நிற்கவேண்டிய செடிக்கு ஒரு சிவப்புத் துணி கட்டினால் போதும். கத்தி பிடிப்பவருக்கும் பெக்கோ ஓட்டுபவருக்கும் அது விளங்கும். பெயர் தெரியாத செடி வந்தால், தெரியாது என்பதற்காக வெட்டாமல், அதற்கும் துணி கட்டுங்கள். பூ, இலை, காய் மூன்றும் தெரியப் படம் எடுங்கள். ஒரு சிறு கிளையைப் பழைய பத்திரிகைத் தாளுக்குள் வைத்துப் பாரம் ஏற்றி உலர்த்தி, எடுத்த இடத்தையும் திகதியையும் எழுதி வைத்தால் அது பல வருடம் கெடாமல் இருக்கும். பேராதனைப் பூங்காவில் உள்ள தேசிய உலர்தாவர சேகரிப்பிலும் இந்த முறையில் உலர்த்தி ஒட்டிய தாள்களைத்தான் வைத்திருக்கிறார்கள். வகுப்பறை அலுமாரி ஒன்றில் பிள்ளைகளால் அதைத் தொடங்க முடியும்.

யாழ். பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கிறது. வவுனியாப் பல்கலைக்கழகம் 2021இலிருந்து தனிப் பல்கலைக்கழகமாக இயங்குகிறது. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் யாழ். பல்கலைக்கழகத்தின் தாவரவியல் துறை இருக்கிறது. அங்கே இருக்கும் பிள்ளைகளில் பலர் எங்களிடம் படித்துப் போனவர்கள்தான். பாடசாலைகள் அனுப்பும் படங்களைப் பார்த்துப் பெயர் சொல்ல, வருடத்தில் ஒரு முறை வந்து பார்க்க, ஒவ்வொரு இடத்திலும் ஒருவர் பொறுப்பெடுக்கவேண்டும் என்று விரிவுரையாளர்களை அன்போடு கேட்கிறேன். பிள்ளை அனுப்பிய படத்துக்குப் பதில் வராவிட்டால் அந்தப் பிள்ளை இரண்டாவது படம் எடுக்காது. ரொட்ரிகசில் அந்தக் கிளையை ஆசிரியர் மேசையில் வாங்கி வைத்துவிட்டு மறந்திருந்தால் இன்று கஃபே மரோன் இல்லை.

வீதி அகலிப்பு, குளப் புனரமைப்பு என்று ஒப்பந்தம் கொடுக்கும் திணைக்களங்களும் கவனிக்கவேண்டும். ஒப்பந்தக்காரர் எவ்வளவு அகலத்துக்குத் துப்புரவு செய்யலாம் என்பதைக் கட்டை அடித்துக் காட்டி, அதற்கு அப்பால் போகக்கூடாது என்று எழுத்தில் கொடுங்கள். வேலைத்தளத்தில் அந்தக் கட்டையைப் போய்ப் பாருங்கள். மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் மணல், காணி, யானை பற்றியெல்லாம் பேசுகிறோம். இதையும் ஒரு விடயமாக யாராவது எழுப்பினால் நல்லது.

கடைசியாகத் தங்களிடமும் ஒரு வேண்டுகோள் ஆசிரியர் அவர்களே. தங்கள் பத்திரிகையின் மாணவர் பக்கத்தில் கிழமைக்கு ஒரு செடிக்கு இடம் கொடுங்கள். ஒரு படம், ஊரில் வழங்கும் பெயர், எங்கே நிற்கிறது, எப்போது பூக்கிறது, அந்தப் பிள்ளை யாரிடம் கேட்டு எழுதியது, இவ்வளவு இருந்தால் போதும். ஒரே செடிக்கு மாங்குளத்தில் ஒரு பெயரும் மன்னார்க் கரையில் வேறொரு பெயரும் வந்தால் இரண்டையும் போடுங்கள். இரண்டு வருடம் விடாமல் வந்தால் வன்னியின் பற்றைக்காடு பற்றிப் பிள்ளைகளே எழுதிய ஒரு பதிவு எங்கள் கையில் இருக்கும், அதை வைத்துக்கொண்டு எந்த அலுவலகத்திலும் போய்ப் பேசலாம். முதல் கிழமைக்குக் காயாவைப் படத்தோடு நானே எழுதி அனுப்புகிறேன். இரண்டாவது கிழமைக்குக் காரையை மல்லாவி, துணுக்காய்ப் பக்கத்து ஆசிரியர் ஒருவர் தன் பிள்ளைகளைக் கொண்டு எழுதுவித்துத் தரவேண்டும். அங்கே காரை இன்னும் நிறைய நிற்கிறது.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற விவசாய பாட ஆசிரியை,
ஒட்டுசுட்டான்.